தரை மெழுகிய கை

எனக்குத் தாழ்மை வரவேண்டும் என்று நான் ஆசைப்பட்ட மாதிரி வேறு எதற்கும் ஆசைப்பட்டதில்லை. நல்ல புடவைக்குக்கூட அவ்வளவு ஆசைப்பட்டிருக்க மாட்டேன். அதுவும் மற்றவர்களுக்கு முன்னால் எனக்கு வரவேண்டும், மற்றவர்களுக்கு வந்ததைவிட ஒரு பிடி கூடுதலாக வரவேண்டும். அதில் இருந்த கோளாறு அப்போது எனக்குத் தெரியவில்லை. என் வீட்டுக்காரருக்குத் தெரிந்திருக்கிறது. மனுஷர் வாயைத் திறக்கவில்லை.

முப்பதுகளின் நடுவில் நாங்கள் மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் இருந்தோம். மிஷன் பள்ளிக்கூடத்தில் அவர் பெரிய வாத்தியார், நான் சின்ன வாத்தியார். மூன்றாவது வாத்தியார் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் அவரே உபதேசியார். பள்ளிக்கூடமும் ஜெபக்கூடமும் ஒரே கட்டடம். மண் சுவர், ஓலைக் கூரை, மண் தரை. வாரநாட்களில் பிள்ளைகள் அந்தத் தரையில் உட்கார்ந்து அரிச்சுவடி படிப்பார்கள், ஞாயிறன்று அவர்களுடைய அப்பா அம்மாக்கள் அதே தரையில் உட்கார்ந்து பிரசங்கம் கேட்பார்கள். சபையார் எல்லோரும் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பண்ணையத்துக்குப் போகிற கூலி ஜனங்கள். நான் சேலத்தில், அம்மாபேட்டையில், தறிக்காரர் வீட்டில் பிறந்தவள். எங்கள் அப்பா காலத்திலேயே வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவர்கள் ஆகிவிட்டோம். போர்டிங்கில் படித்து, டிரெயினிங் முடித்து, செங்கல் பாவிய தரையில் வளர்ந்தேன். சாணி போட்டு மெழுகுவதை வேண்டிய மட்டும் பார்த்திருக்கிறேன். மெழுகினது கிடையாது.

அந்தத் தரையைச் சனிக்கிழமைதோறும் கூட்டி, மாதம் ஒருமுறை மெழுகிவிடுகிறவர் சபையில் ஒரு அம்மாள். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். வாரம் முழுக்க ஒரு பண்ணையக்காரர் வீட்டு மாட்டுக் கொட்டத்தில் சாணி அள்ளுவார், கூட்டுவார், களை வெட்டுவார். சனிக்கிழமை மத்தியானம் தலையில் கூடையும் கையில் சீமாறுமாக ஜெபக்கூடத்துக்கு வருவார். இந்த வேலையை யாரும் அவருக்குச் சொல்லவில்லை, கூலியும் கிடையாது. இப்போது 'அவர்' என்று எழுதுகிறேன். அந்த நாளில் எனக்கு அவர் 'அவள்'. 'இங்க வா', 'அந்த மூலையைப் பாரு' என்றுதான் பேசுவேன். அவர் என்னை 'டீச்சரம்மா' என்பார், ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு 'ங்க' வைப்பார். இது சரியா என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. தாழ்மையைப் பற்றி மட்டும் இடைவிடாமல் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் ஐப்பசி பிறந்ததும் சேலத்தில் பெண்கள் கூட்டம் நடந்தது. உபதேசிமார் மனைவிகளும் டீச்சர்களுமாக ஒரு ஹால் நிறைய வந்திருந்தோம். துரைசானியம்மாள் ஒருவர், நல்ல மனுஷி, தாழ்மையைப் பற்றி மூன்று நாள் பேசினார். கடைசி நாளில் ஆளுக்கொரு தாழ்ந்த வேலையைத் தெரிந்துகொள்ளச் சொன்னார். அதை யாருக்கும் தெரியாமல் செய்யவேண்டும், புருஷனுக்குக்கூடச் சொல்லக்கூடாது. சம்மதமானவர்கள் கையைத் தூக்கலாம் என்றார். முதலில் தூக்கின கை என்னுடையது. தூக்கிவிட்டு, வேறு யார் யார் தூக்குகிறார்கள் என்று திரும்பியும் பார்த்தேன்.

ஊருக்கு வருகிற வழியெல்லாம் பஸ்ஸில் இதே யோசனை. பாத்திரம் தேய்ப்பதா? அதைத்தான் தினமும் செய்கிறேனே. தாழ்ந்த வேலை என்றால் பார்க்கிறவர்கள் பதறிப் போகிற மாதிரி இருக்கவேண்டும் (பார்க்கக் கூடாது என்பது வேறு விஷயம்). டிரெயினிங் முடித்த டீச்சர் ஜெபக்கூடத்தைக் கூட்டுவது! கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அவ்வளவு அழகாகத் தெரிந்தது எனக்கு. இத்தனை நாள் அதைக் கூட்டிக்கொண்டிருந்த ஒரு மனுஷி அந்தப் படத்தில் எங்கேயும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை விடியும்போதே எழுந்தேன். எங்கே என்று வீட்டுக்காரர் கேட்டார். ஜெபம் பண்ணப் போகிறேன் என்றேன். என் தாழ்மை முதல்முதலில் ஈன்றது ஒரு பொய். கூட்டி முடித்துவிட்டு வீட்டுக்கு வந்து ஒன்றும் தெரியாதவள்போல் அடுப்பைப் பற்றவைத்தேன். மத்தியானம் அந்த அம்மாள் வந்தார். எங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் ஜெபக்கூடத்து வாசல் தெரியும். உள்ளே எட்டிப் பார்த்தார். சீமாற்றைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றார். பிறகு திரும்பிப் போய்விட்டார். பாவம், ஒரு நாளாவது ஓய்வு கிடைத்ததே என்று நான் பூரித்துப் போனேன்.

அதற்கு அடுத்த வாரம் திருவிருந்து. மாதம் ஒருமுறை பாதிரியார் சைக்கிளில் வந்து நடத்துவார். அதற்கு முந்தின சனிக்கிழமை தரை மெழுகவேண்டும். கூட்டுவதோடு விட்டிருந்தால் பிழைத்திருப்பேன். எடுத்த காரியத்தில் பாதியில் நிற்கிற பழக்கம் எனக்கில்லை. கிடைத்த சாணியை அள்ளி வந்தேன், எருமைச் சாணியும் அதில் கலந்திருந்தது. தண்ணீர் எவ்வளவு என்று தெரியாததால், கெட்டியாக இருந்தால் நன்றாகப் பிடிக்கும் என்று நானே முடிவு செய்து களி பதத்தில் கரைத்தேன். முழங்கால் போட்டு மூலை முடுக்கெல்லாம் பூசினேன். பூசி முடித்து நிமிர்ந்தபோது இடுப்பு விட்டுப் போயிற்று, மனசு நிறைந்திருந்தது. வெளியே மழை பிடித்துக்கொண்டது.

அன்று மத்தியானம் அந்த அம்மாள் கூடை நிறையப் பசுஞ்சாணியோடு தலையில் கோணியைப் போட்டுக்கொண்டு மழையில் வந்தார். வாசலில் நின்று தரையைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு கூடையைக் கொண்டுபோய்ப் புங்கமரத்தடியில் கொட்டிவிட்டு நடந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமையும் வெயில் இல்லை. தரை மேலாக ஆடை கட்டியிருந்தது, உள்ளே ஈரம் அப்படியே இருந்தது. பாய் விரித்தவர்கள் தப்பித்தார்கள். பாதிரியார் பாயில்லாமல் மண்தரையில் முழங்கால் போடுகிறவர். வெள்ளை அங்கியோடு நீளமாக ஜெபித்துவிட்டு எழுந்தார். அங்கியில் முழங்கால் இருக்கிற இடத்தில் இரண்டு பச்சை வட்டம், ஒவ்வொன்றும் அடைத் தோசை அளவு. முன்வரிசைப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டன. எனக்கே சிரிப்பு வந்து, அது யார் செய்த வேலை என்று ஞாபகம் வந்து, நின்றுபோயிற்று.

பாதிரியார் குனிந்து பார்த்தார், அவரும் சிரித்தார், ஆராதனையைத் தொடர்ந்து நடத்தினார். சபை மூப்பர்தான் விடவில்லை. ஆசீர்வாதம் முடிந்ததும் எழுந்து, திருவிருந்து நாளும் அதுவுமாக இப்படியா தரை மெழுகுவது என்று கேட்டார். எல்லோரும் பின்னால் திரும்பி அந்த அம்மாளைப் பார்த்தார்கள். அவர் எழுந்து நின்றார். முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, பாதிரியாரைப் பார்த்து, "தப்பாப் போச்சுங்க சாமி" என்றார்.

பாதிரியார் பரவாயில்லை அம்மா, துவைத்தால் போய்விடும் என்று சொல்லி அமர்த்தப் பார்த்தார். மூப்பர் தணியவில்லை. அடுத்த வாரத்திலிருந்து நீ கூட்டவேண்டாம், என் மருமகள் கூட்டுவாள் என்று சபைக்கு முன்னால் சொல்லிவிட்டார்.

நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. யாருக்கும் சொல்லக்கூடாது என்றுதானே துரைசானியம்மாள் சொல்லியிருந்தார்கள்? வாக்குக் கொடுத்தாயிற்றே, எப்படி மீறுவது? பேசாமல் இருப்பதற்கு அதைப் போலப் பக்தியான காரணம் எனக்கு வாழ்நாளில் வேறு கிடைத்ததில்லை. உள்ளபடி சொன்னால், அந்தப் பச்சை வட்டங்களுக்கு நான் பொறுப்பாளி என்று பாதிரியாருக்குத் தெரிவதை என்னால் தாங்க முடிந்திருக்காது.

அடுத்த ஞாயிறு அந்த அம்மாள் வரவில்லை. அவருடைய புருஷனும் பிள்ளைகளும் வந்தார்கள், அவர் மட்டும் இல்லை. அதற்கு அடுத்த ஞாயிறும் இல்லை. மூப்பரின் மருமகள் தரையின் நடுவில் மட்டும் நாலு இழுப்பு இழுத்துவிட்டுப் போயிருந்தாள். அந்த அம்மாள் வழக்கமாக உட்காருகிற இடத்தில் வேறு யாரும் உட்காராமல் காலியாகக் கிடந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு காலையில் பள்ளிக்கூட மணி அடிக்குமுன் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டே கேட்டார். அவருக்கு அன்றைக்கே தெரியுமாம். ஜெபம் பண்ணிவிட்டு வந்தவள் முழங்கையில் சாணி இருந்ததாம்.

தெரிந்துமா சும்மா இருந்தீர்கள் என்று எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. "நீயாச் சொல்லுவேன்னு பாத்துக்கிட்டிருந்தேன்" என்றார். மணியை நானே போய் அடித்தேன், தேவைக்கு மேலேயே அடித்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்லுகிற நேரத்தில் எழுந்து நின்றேன். தரை மெழுகியது நான்தான், பழியை வேறொருவர் சுமந்தபோது பேசாமல் இருந்தேன் என்று சொன்னேன். சொல்லும்போது அழுகை வந்தது, அது நிஜமான அழுகைதான். ஆனால் அழுகைக்கு நடுவிலேயே குரல் நன்றாக எடுபடுகிறது என்றும் எனக்குத் தெரிந்தது. மூப்பர் எழுந்து, படித்த டீச்சர் சாணி அள்ளியிருக்கிறார்கள், அதைச் சபையில் சொல்லவும் சொன்னார்கள், தாழ்மை என்றால் இதுதான் என்றார். பெண்கள் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு பாட்டி என் கன்னத்தை வழித்து முத்தம் வைத்துக்கொண்டது. பாரம் இறங்கி வீட்டுக்கு வந்து, மத்தியானம் இரண்டு தரம் சோறு போட்டுக்கொண்டேன்.

சாப்பிட்டு முடித்து வீட்டுக்காரர் கை கழுவினார். துண்டில் துடைத்துக்கொண்டே, "அந்தம்மா இன்னிக்கும் வரலையே" என்றார். இரண்டாம் தரம் போட்டுக்கொண்ட சோறு எனக்கு நெஞ்சில் நின்றது.

திங்கட்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் குடையை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். கார்த்திகை பிறந்திருந்தது, கடலைக்காய் பிடுங்குகிற காலம். பிடுங்கிய செடிகளை வேப்பமரத்தடியில் குவித்துப் போட்டு, பெண்கள் சுற்றி உட்கார்ந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் எல்லோரும் எழுந்தார்கள். நான் அந்த அம்மாளைப் பார்க்க வந்தேன் என்றதும் மற்றவர்கள் கிணற்றடிக்குத் தண்ணீர் குடிக்கப் போனார்கள். எங்களைத் தனியாக விடவேண்டும் என்றுதான் போனார்கள், அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் தாகம் எடுக்குமா?

அவர் நின்றுகொண்டே இருந்தார். நான் கீழே உட்கார்ந்தபிறகு உட்கார்ந்தார். கை சும்மா இருக்க முடியாமல் நானும் ஒரு செடியை எடுத்துக் காயைப் பறித்தேன். வரும் வழியில் யோசித்து வைத்திருந்த பேச்சு ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

"அன்னிக்குத் தரை மெழுகினது நான்தான்" என்றேன்.

"தெரியுமுங்க."

நேற்றுச் சபையில் நான் சொன்னதை யாராவது வந்து சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தேன். கேட்டேன். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். "அதுக்கு முன்னாலயே தெரியுமுங்க. அந்தச் சனிக்கெழம வந்து பாத்தனுங்களே. நாங்க தரை வழிச்சா கை வீசி வழிப்போம், ஒரு வளைவு இந்த நீட்டு இருக்கும். அது சின்னச் சின்னதாச் சிலேட்டுத் தொடச்சாப்ல இருந்துச்சுங்க. வேற யாரு அப்படி வழிப்பாங்க?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தபோது இவருக்கு உண்மை தெரியும். தெரிந்துகொண்டேதான் எழுந்து நின்றிருக்கிறார்.

"அப்புறம் ஏன் தப்பாப் போச்சுன்னு நீங்க சொன்னீங்க?" என்று கேட்டேன். அவரை நான் 'நீங்க' என்றது அதுதான் முதல் தடவை. யோசித்துச் சொல்லவில்லை, அந்த நேரத்தில் வேறு வார்த்தை வரவில்லை.

அவர் கையிலிருந்த செடியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "பசங்க எல்லாம் முன்னால உக்காந்திருந்துச்சுங்க. எம் பையனும் இருந்தான். உங்ககிட்டத்தான் அதுங்க எழுத்துப் படிக்குது. பாதிரியார் முன்னால நீங்க தலை குனிஞ்சு நின்னா நாளைக்கு உங்க பேச்சைக் கேக்குமுங்களா? எனக்கு அது பழகினதுதானுங்க."

இதைச் சொல்லும்போது குரலில் குத்தலோ வருத்தமோ இல்லை. மழைக்கு முன் துணியை எடுத்து உள்ளே போட்டேன் என்று சொல்கிற மாதிரி சொன்னார். நான் தாழ்மைக்காகக் கையைத் தூக்கினவள். இவர் கையைத் தூக்கவில்லை, இப்படி ஒன்று செய்தோம் என்று மனசில்கூட எழுதி வைத்துக்கொள்ளவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போது இதை எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

மூப்பர் பழி சொன்னதற்காக வராமல் இருக்கிறாரா என்று கேட்டேன். அவர் மடியில் இருந்த காயைக் கூடையில் போட்டார்.

"ஏசினதுக்கெல்லாம் இல்லீங்க. நீங்க கூட்ட ஆரம்பிச்சீங்களே, அந்த வாரந்தான் பண்ணாடி ஊட்டு எருது செத்துப்போய் எங்கூட்டுக்காரரு எடுத்துட்டுப் போனாரு. அதனால என் கை ஆகாதுன்னு நெனச்சிட்டீங்களாட்ட இருக்குதுன்னு நெனச்சனுங்க. ஆறு நாளு கொட்டத்துல கூட்டறது வயித்துக்குங்க. அந்த ஒரு நாளுதான் எனக்குன்னு கூட்டறது. அதுவும் ஆகாதுன்னா, அங்க வந்து எதுக்குங்க உக்காரோணும்?"

பண்ணையக்காரர் வீட்டில் மாடு செத்தால் அப்புறப்படுத்துவது அவருடைய புருஷன் தலைமுறை தலைமுறையாகச் செய்ய வேண்டியிருந்த வேலை. கிணற்றில் தண்ணீர் இறைக்கிற கமலைக்குச் சால் தைக்கத் தோல் வேண்டும், எடுக்கிறவன் மட்டும் ஆகாது. எருது செத்ததே எனக்குத் தெரியாது. 'ஐயோ, நான் அப்படியெல்லாம் நினைக்கிறவள் இல்லை' என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை. நாலு வருஷமாக அவர் வீட்டு வாசலுக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பச் சொல்லி. ஒவ்வொரு தடவையும் குடிக்க ஏதாவது தரட்டுமா என்று கேட்பார். ஒவ்வொரு தடவையும் இப்போதுதான் குடித்தேன் என்பேன். நாலு வருஷமாக எப்போதும் இப்போதுதான் குடித்திருந்தேன். பிற்பாடு அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். என் மனசில் இல்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது என் தொண்டையில் இருந்திருக்கிறது.

மரத்தடியில் அவருடைய தூக்குச் சட்டி இருந்தது. "என்ன கொண்டாந்தீங்க?" என்று கேட்டேன். கம்மங்கூழ் என்றார். எனக்கும் கொஞ்சம் வேண்டும் என்றேன். என் முகத்தை ஒரு நிமிஷம் நேராகப் பார்த்தார், அதற்கு முன்னால் அவர் அப்படிப் பார்த்ததில்லை. சட்டி மூடியில் ஊற்றி, ஒரு சின்ன வெங்காயத்தை உரித்துக் கொடுத்தார். புளிப்பாக, குளிர்ச்சியாக இருந்தது. நன்றாயிருந்தது என்று சொல்வதற்காகச் சொல்லவில்லை, இன்னொரு மூடி வாங்கிக் குடித்தேன்.

பிறகுதான் மன்னிப்புக் கேட்டேன். சபையில் கேட்டதைப் போல அழகாக வரவில்லை. தப்பு என் மேல்தான், நீங்கள் இல்லாமல் அங்கே நன்றாயில்லை, வாங்க அக்கா என்று துண்டு துண்டாக என்னமோ சொன்னேன். அவர் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. கிணற்றடியிலிருந்து மற்றவர்கள் வந்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று நான் எழுந்து ஓடினேன்.

அன்று சாயங்காலமே நானும் வீட்டுக்காரரும் மூப்பர் வீட்டுக்குப் போனோம். எனக்கு வாதாடுகிற வேலை இருக்கும் என்று தயாராகப் போயிருந்தேன். அதற்குள் அவருடைய மருமகள் உள்ளேயிருந்து, யாராவது அந்த வேலையை எடுத்துக்கொண்டால் புண்ணியமாகப் போகும் என்றாள். மூப்பர் தாடியைத் தடவிக்கொண்டே, தான் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டதாக ஒத்துக்கொண்டார். அவரே அந்த அம்மாள் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார் என்று மறுநாள் கேள்விப்பட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். வெயில் நன்றாக அடித்தது. வருவாரா மாட்டாரா என்று தெரியாது. கொஞ்சம் தாமதமாகவே வந்தார். நான் கொடியில் துணி எடுக்கிற சாக்கில் வெளியே போனேன். அவர் என்னைப் பார்த்துவிட்டுக் கூடையை இறக்கினார்.

"தண்ணி வேணுமுங்களே" என்றார்.

குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனேன். இரண்டு நடை போதும் என்று நினைத்தேன், ஐந்து நடை ஆயிற்று. ஒவ்வொரு நடைக்கும் கரைசலைக் கையால் அளைந்து பார்த்து, இன்னும் கொஞ்சம் என்பார். ஓரிடத்தில் ஈரத்தில் மிதித்துவிட்டேன். வெளியே போய் நில்லுங்கள் என்றார், போய் நின்றேன். பிள்ளைகளை நிற்க வைத்துத்தான் எனக்குப் பழக்கம், என்னை நிற்க வைத்தவர்கள் டிரெயினிங் பள்ளியோடு சரி. கோபம் வரவில்லை. வராதது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

உள்ளேயிருந்து பின்வாக்கில் மெழுகிக்கொண்டே வந்தார். கை தோளிலிருந்து வீசி வந்தது. ஒரு வளைவின் முனையில் அடுத்த வளைவு சரியாகத் தொட்டது. வாசற்படி வரைக்கும் வந்து, கடைசி வளைவை முடித்துவிட்டு, வெளியே இறங்கிக் கையைக் கழுவ என்னிடம் நீட்டினார். நான் சொம்பிலிருந்து ஊற்றினேன்.

கழுவிக்கொண்டே, "அடுத்த மாசம் நேரமே வந்திருங்க. வெயிலுக்கு முன்னாலயே தண்ணி எடுத்து வெக்கோணும்" என்றார்.

"சரிங்க அக்கா" என்றேன்.